மலையேறாத கூத்தன்

வன்பரணர் பாடிய காட்சி ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. கொல்லிமலைக் காட்டில் ஒரு வேட்டுவன். அவன் விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அவ்வழியே வந்த பாணர் கூட்டம் வியந்து நிற்கிறது. ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தோற்றத்தைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவன் போலவும் இல்லை. இசைக்கருவிகளை எடுத்துப் பாடுகிறார்கள். பாட்டில் கொல்லிமலைத் தலைவன் ஓரியின் புகழ் வந்ததும் வேட்டுவன் நாணுகிறான். அவன்தான் ஓரி. அங்கேயே இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் அள்ளிக் கொடுக்கிறான்.

அடுத்த பாட்டும் வன்பரணருடையதே. ஓரியிடம் போன கூத்தர்கள் அணிகலன்களும் யானைகளும் பெற்றார்கள். பசி போயிற்று. பசியோடு ஆட்டமும் போயிற்று, பாட்டும் மறந்து போயிற்று. வள்ளலைப் புகழும் பாட்டுத்தான் இது. ஆனாலும் அதன் அடியில் கலைஞனுக்கே உரிய அச்சம் ஒன்று ஓடுகிறது. வயிறு நிறைந்த பிறகு நம் கை, கால், குரல் எல்லாம் என்ன ஆகும் என்ற அச்சம் அது.

கொல்லிமலையின் நாடுகளில் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயிலும், அதற்குக் கீழே பாறையிலிருந்து குதிக்கும் ஆகாய கங்கையும் இங்கேதான். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பி, பலா, வாழை, சரிவில் வெட்டிய வயல்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் பிறப்புக் கதை. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பேருந்து வந்துவிடுகிறது. சாலை வருவதற்கு முன்னால் மிளகும் பலாவும் தலைச்சுமையாக இறங்கின. உப்பும் துணியும் தலைச்சுமையாக ஏறின. நாடகக் கம்பெனியின் சீன் படுதாக்களும் ஆர்மோனியமும் அப்படி ஏறியிருக்க வழியில்லை. கம்பெனிகள் ரயில் போகும் ஊர்களுக்கே போயின. ஓரியின் காலத்தில் கால்நடையாகக் கூத்தர்கள் வந்து சேர்ந்த மலை, தமிழ் நாடகத்தின் பெரும் பருவத்தில் அதன் வழித்தடத்திற்கு வெளியே கிடந்தது.

இந்த மலையில் நின்றுகொண்டு நடிகர் பி.யு. சின்னப்பாவைப் பற்றி யோசிப்பது பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். அவர் இந்த மலைக்காரர் அல்ல, புதுக்கோட்டைக்காரர். ஆனால் அவருடைய வாழ்வைத் திருப்பிய படம் இங்கிருந்து வடமேற்கே, சேலத்தில், ஏற்காட்டுச் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸில் எடுக்கப்பட்டது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஆரம்பகால சினிமா நடிகனை முதல் நட்சத்திரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நாளைய ரசிகர் மன்றங்களுக்கும் கட் அவுட்டுகளுக்கும் அவனை முன்னோடியாக நிறுத்திப் பார்க்கிறோம். எனக்கு அவன், ஓரியைத் தேடி மலையேறிய அந்தக் கூட்டத்தின் கடைசி ஆளாகத் தெரிகிறான். சனங்களின் முன்னால் போய் நின்று, உடம்பாலும் குரலாலும் அன்றன்றைய சோற்றைச் சம்பாதித்த ஒரு நீண்ட வரிசை அவனோடு முடிகிறது. அவனுக்குப் பிறகு வந்தவர்களின் கதை வேறு.

*

சின்னப்பா 1916இல் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகர். ஊரின் பெயரும் தந்தையின் பெயரும்தான் அந்த இரண்டு எழுத்துகள். பள்ளிப்படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடமும் தொழிற்கூடமும் சிறையும் சேர்ந்த இடம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாடம் அங்கே மனப்பாடமாக ஏறும். பாட்டு, வசனம், அடவு, சண்டை, எல்லாவற்றுக்கும் வாத்தியார் உண்டு, பிரம்பும் உண்டு. ஒரு பையன் இன்றைக்கு ஸ்திரீபார்ட், நாளைக்குக் கள்ளபார்ட், ராஜபார்ட் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் இவனே ராஜபார்ட். எல்லாருடைய பாட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு வார்த்தை போய்ச் சேராவிட்டால் அவன் அங்கிருந்தே சொல்லிவிடுவான். காசு கொடுத்தவனின் பொறுமையின்மைதான் அந்தப் பையன்களின் உண்மையான வாத்தியார். அதே கம்பெனியில் சின்னப்பா ராஜபார்ட்டாக ஓங்கி நின்றபோது சிறு வேடங்களும் பெண் வேடமும் போட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் எம்.ஜி. ராமச்சந்திரன்.

பாய்ஸ் கம்பெனிப் பையனின் வாழ்வில் ஒரு நாள் கட்டாயம் வரும். மகரக்கட்டு உடையும் நாள். நேற்றுவரை ஆறு கட்டையில் மணிபோல் நின்ற குரல் இன்று கரகரக்கும். கம்பெனி முதலாளிக்கு அது சரக்கு கெட்டுப்போன கணக்கு. எத்தனையோ பையன்கள் அந்த நாளோடு காணாமல் போனார்கள். சின்னப்பாவும் கம்பெனியை விட்டு விலகினார். விலகியவர் சும்மா இருக்கவில்லை. சங்கீதத்தை முறையாகப் பாகவதர்களிடம் கற்றார். சிலம்பம் பழகினார், குஸ்தி போட்டார், எடை தூக்கினார், சுருள் கத்தி வீசக் கற்றார். இளமையின் தினவு என்று இதைச் சொல்லிவிட முடியும். எனக்கு இது ஒரு கைவினைஞனின் கணக்காகப் படுகிறது. ஒரு கருவி உடைந்தது. அதைச் செப்பனிடும் காலத்தில் மற்றக் கருவிகளைத் தீட்டி வைத்துக்கொண்டான்.

குரல் திரும்பி வந்தது. முன்னைவிடக் கனமாக, ஆண் குரலாக வந்தது. அந்தக் குரலோடு அவர் ஸ்பெஷல் நாடகத்துக்குப் போனார். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து ஒரு ராஜபார்ட், மதுரையிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், வேறெங்கிருந்தோ ஒரு பபூன், ஓர் ஆர்மோனியக்காரர். அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடக்கும். எதிரில் நிற்பவர் எந்தக் கேள்வியைப் போடுவார், எந்த ராகத்துக்கு இழுப்பார் என்று தெரியாது. வாய் சளைத்தால் மானம் போகும். நடிப்பு அங்கே பதிலடி. மேடையில் எதிரில் நிற்பவருக்கும் பதில், கீழே 'ஒன்ஸ்மோர்' கேட்பவருக்கும் பதில்.

1936இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'சந்திரகாந்தா' அவருடைய முதல் படம். ஜே.ஆர். ரங்கராஜுவின் கதை. அதில் சுண்டூர் இளவரசன் வேடம். கவனிக்கப்பட்டார். அடுத்து வந்த படங்கள் அவரை உயர்த்தவில்லை. சினிமாவில் அப்போது வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. 1934இல் 'பவளக்கொடி' மூலம் வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், தங்க நிறமும் தோளில் புரளும் முடியும் தேன் குரலுமாக, சனங்களின் கண்ணையும் காதையும் ஒருசேரப் பிடித்துவிட்டார். சின்னப்பாவிடம் அந்த நிறமும் இல்லை, முக வெட்டும் இல்லை. 1930களின் இறுதியில் அவர் கையில் வேலை குறைந்து நின்றது.

*

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் அப்போதுதான் வருகிறார். நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்து போய்வந்தவர். 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, படமெடுப்பதை ஆலை நடத்துவதுபோல் நடத்தியவர். நடிகர்கள், எழுத்தாளர்கள், தொழிலாளர்கள் எல்லாருக்கும் மாதச் சம்பளம், நேரக் கட்டுப்பாடு, கண்டிப்பு. அந்த நிறுவனம் எடுத்த படங்கள் நூறைத் தாண்டும். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கே எடுக்கப்பட்டதுதான். தமிழில் முழுநீள வண்ணப் படமாக 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கே எடுக்கப்பட்டதுதான். மூன்று மலைகள் சூழ்ந்த இந்த வட்டாரம் கலைஞனுக்குத் தந்த இரண்டாவது புரவலர் என்று சுந்தரத்தைச் சொல்லலாம். முதல் புரவலன் பாட்டைக் கேட்டு நாணி, கணக்குப் பார்க்காமல் கொடுத்தான். இரண்டாமவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். முன்னதில் கலைஞனுக்குப் பொன் கிடைத்தது, பின்னதில் பாதுகாப்பு கிடைத்தது. எது மேல் என்று பசித்திருந்த ஒரு நடிகனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1940இல் சுந்தரம் எடுத்த படம் 'உத்தமபுத்திரன்'. மூலம் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹாலிவுட்டில் லூயி ஹேவர்ட் இரட்டை வேடத்தில் அது வந்திருந்தது. அரண்மனையில் பிறந்த இரட்டையரில் ஒருவன் கெட்ட அரசன், மற்றவன் நல்லவன். இரண்டும் சின்னப்பா. நாயகி எம்.வி. ராஜம்மா. தமிழில் கதாநாயகன் இரட்டை வேடம் போட்ட முதல் படம் என்று சினிமா வரலாற்றாளர்கள் சொல்வது இதைத்தான்.

அந்தக் காலத்தில் ஒருவரை இருவராக்குவது எப்படி? காமிராவை அசையாமல் பூட்டிவைப்பார்கள். லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துப் படம் பிடிப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து, அதே பிலிமில் மறுபடி பிடிப்பார்கள். நடுக்கோட்டை நடிகரின் கை தாண்டினால் கை வெட்டுப்பட்டுப் போகும். எதிரில் யாருமில்லாத வெற்றிடத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். அந்த வெற்றிடம் இன்னும் பேசாத வசனத்துக்கு இவர் பதில் சொல்ல வேண்டும். பிறகு உடை மாற்றிக்கொண்டு வந்து, சற்றுமுன் தான் பேசிய வசனத்தை மனக்காதில் கேட்டு, அது முடியும் கணத்தில் வாய் திறக்க வேண்டும். அறுத்த மீனைப் பொருத்தி உயிர் கொடுத்தவர் என்பது வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரரைப் பற்றிய கதை. சேலத்து ஸ்டூடியோவில் அட்டையும் கத்தரியும் வைத்துக்கொண்டு ஒளிப்பதிவாளர் அறுத்தார், பொருத்தினார். உயிர் கொடுக்கும் வேலை நடிகருடையது.

இரட்டை வேடத்தைக் காமிராவின் வித்தை என்றுதான் எழுதுகிறோம். இந்திய சினிமாவில் அந்த வித்தை அதற்கு முன்பே நடந்துவிட்டது. பால்கேயின் 'லங்கா தகனம்' 1917இல் வந்தது. பம்பாய் உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்த்து, பால்கேயின் கண்ணில் பட்டு, 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்த அண்ணா சாளுங்கே, அந்தப் படத்தில் ராமனாகவும் வந்தார், சீதையாகவும் வந்தார். மௌனப் படத்தில் வேடத்தை மாற்றினால் போதும், ஆள் மாறிவிடும். பேசும் படத்தில் அது நடக்காது. ஒரே முகம், ஒரே உடை வகை, ஒரே குரல்வளை. இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருவர் என்று தெரிய வேண்டும். அதைக் காமிரா தர முடியாது. அது பாய்ஸ் கம்பெனி தந்தது. இன்றைக்கு ராஜபார்ட், நாளைக்குக் கள்ளபார்ட் என்று பத்து வயதிலிருந்து மாறி மாறி நின்ற உடம்புக்கு, நல்லவனும் கெட்டவனும் இரண்டு நடைகள், இரண்டு மூச்சுகள். ஸ்பெஷல் நாடகத்தில் எதிரில் நிற்பவரின் கேள்வியை ஊகித்துப் பதில் வைத்திருந்த வாய்க்கு, வெற்றிடத்தோடு சண்டை போடுவது புதிதல்ல. எதிரி தானாகவே இருந்துவிட்டதில் ஊகம் இன்னும் எளிது. புது இயந்திரம் செய்த அற்புதம் என்று சனங்கள் கைதட்டியது, பாதிக்குமேல் பழைய பயிற்சிக்குத்தான்.

*

அதன்பின் வந்த பத்தாண்டுகள் அவருடையவை. 1941இல் 'ஆர்யமாலா'வில் காத்தவராயன். 1942இல் ஜூபிடரின் 'கண்ணகி'யில் கண்ணாம்பாவின் எதிரில் கோவலன். இளங்கோவன் எழுதிய வசனத்தை இன்றும் பேசுகிறார்கள். அதே ஆண்டில் சுந்தரம் பிள்ளையின் கவிதை நாடகமான 'மனோன்மணீய'த்தை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மனோன்மணி', டி.ஆர். ராஜகுமாரியுடன். 'பிருதிவிராஜ'னில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவை மணந்துகொண்டார். 1949இல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். பாகவதர் பக்கம் ஒரு கூட்டம், சின்னப்பா பக்கம் ஒரு கூட்டம் என்று தமிழ் ரசிகர்கள் முதன்முதலாக இரண்டாகப் பிரிந்து நின்றது இவர்கள் காலத்தில்தான். 1944இன் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான பாகவதர், 1947இல் விடுதலையாகி வந்தபோது அவருடைய பருவம் கலைந்திருந்தது. அந்த இடைவெளியில் சின்னப்பாவின் இடம் இன்னும் பெரிதாயிற்று.

1944இல் பட்சிராஜா நிறுவனம் எடுத்த 'ஜகதலப்பிரதாப'னில் ஒரு கச்சேரிக் காட்சி வரும். பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாக்கள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் பல உருவில் அமர்ந்து வாசிக்கும் காட்சியைக் கொண்டாடுகிறவர்கள் பலருக்கு, 21 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்பது தெரியாது.

வளப்பூர் நாட்டில், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, அஞ்சும் ஒரே ஆளா?"

"ஆமாங்கய்யா."

"அண்ணந்தம்பியா இருப்பாங்க."

"இல்லீங்கய்யா, ஒரே ஆள்தான். காமிராவுல அப்படிப் பண்ணியிருக்காங்க."

அவர் காமிராவைக் கண்டுகொள்ளவில்லை. இன்னும் சற்றுக் குனிந்து பார்த்துவிட்டு, "அதெப்படி, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி தலைய ஆட்டுறான்?" என்றார்.

நான் படித்த சினிமாக் கட்டுரைகளில் இவ்வளவு கூர்மையான கவனிப்பைப் பார்த்ததில்லை. அவர் கேட்டதுதான் கேள்வி. மிருதங்கக்காரர் தலையாட்டுவது தாளத்துக்கு. பிடில்காரர் தலையாட்டுவது பாடகரின் சங்கதிக்கு. பாடகர் தலையாட்டுவது சபைக்கு. கச்சேரியை ஆயிரம் இரவுகள் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கும், தானே பாடித் தேர்ந்தவருக்கும் மட்டுமே இந்த வேறுபாடு உடம்பில் இருக்கும். வித்தையைக் காமிரா காட்டியது. ஆளைப் பயிற்சி காட்டியது. மலையின் திருவிழாக்களில் ஆடுகிறவனும் பார்க்கிறவனும் ஒரே ஊர், பல வேளை ஒரே ஆள். ஆட்டம் தெரிந்த கண்ணுக்குத்தான் இன்னொரு உடம்பின் ஆட்டம் பிடிபடும் என்று அன்று தோன்றியது.

*

பணம் வந்தது. சின்னப்பா புதுக்கோட்டையில் வீடுகள் வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். இனிமேல் இந்த ஊரில் இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று புதுக்கோட்டை ராஜா உத்தரவு போட்டதாக ஒரு கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. எண்ணிக்கை சொல்பவரைப் பொறுத்து மாறும். கதை எந்த அளவுக்கு உண்மை என்பதைவிட, அந்தக் கதையை ஊர் ஏன் விரும்பிப் பாதுகாக்கிறது என்பது எனக்கு முக்கியம். நாடகக்காரனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதே கடினமாக இருந்த காலம் ஒன்று உண்டு. தங்கின ஊரில் கொட்டகைதான் வீடு, சீன் பெட்டிதான் கட்டில். அப்படி ஒரு கூட்டத்தில் வளர்ந்தவன், ராஜா தடை போடும் அளவுக்கு வீடு வாங்கினான் என்று சொல்லும்போது, ஊர் தன் பழைய கூத்தாடிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பட்டா எழுதிக் கொடுக்கிறது.

வன்பரணரின் அச்சம் இங்கே பலித்ததா? பசி போனதும் ஆட்டம் போயிற்றா? சின்னப்பாவின் படங்களை வரிசையாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் தன் குரலிலேயே பாடினார், தன் கையாலேயே கத்தி வீசினார். ஆனால் வேறொன்று போயிற்று. பதில் போயிற்று. கொட்டகையில் கடைசி வரிசைக்காரன் கத்தினால் பதில் உண்டு. ஸ்டூடியோவில் கத்தக்கூடியவர் டைரக்டர் ஒருவர்தான். இரவு முழுக்க இருநூறு முகங்கள் சொல்லிக் கொடுத்ததை இனி யாரும் சொல்லித் தரப்போவதில்லை. சனங்களின் எண்ணிக்கை லட்சங்களாகப் பெருகியபோது, நடிகனுக்கு எதிரில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். ஓரியின் கொடை கூத்தர்களை ஆட்டம் மறக்கச் செய்தது. சினிமாவின் கொடை சபையை நடிகர்கள் கண்ணிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாவது இழப்பை எந்தப் புலவரும் பாடவில்லை. அது இழப்பென்றே நமக்குத் தோன்றவில்லை.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1949இல் 'வேலைக்காரி', 1950இல் அதே மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து மு. கருணாநிதியின் வசனத்தோடு 'மந்திரி குமாரி', 1952இல் 'பராசக்தி'. பாட்டின் இடத்தில் வசனம் வந்து உட்கார்ந்தது. பாடத் தெரிந்தவன் நடிகனாக வேண்டியதில்லை. பின்னணியில் ஒருவர் பாடுவார், முன்னால் ஒருவர் வாயசைப்பார். ஓர் உடம்பில் இருந்த வேலைகளைத் தொழில் பலருக்குப் பங்கிட்டது. பாட்டு ஒருவருக்கு, சண்டை 'டூப்' போடுகிறவருக்கு, வசனம் எழுத்தாளருக்கு, முகம் நட்சத்திரத்துக்கு. இந்தப் பங்கீடு முடிவதற்குள், 1951 செப்டம்பர் 23இல், தன் 35ஆம் வயதில் சின்னப்பா புதுக்கோட்டையில் திடீரென்று இறந்துபோனார். இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. 'உத்தமபுத்திரன்' 1958இல் சிவாஜி கணேசனின் படமாக மறுபடி வந்தது. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். தன் 'நாடோடி மன்ன'னில் இரட்டை வேடம் போட்டார். 1940இல் சேலத்தில் ஒருவர் திறந்த வாசலின் வழியாகத்தான் இருவரும் போனார்கள்.

*

கொல்லிமலைக்கு இன்னொரு புகழும் சங்கப் பாடல்களில் உண்டு. அது கொல்லிப்பாவை. தெய்வம் எழுதி வைத்த உருவம் என்று ஒரு பாட்டு சொல்லும். காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகு குன்றாத பாவை என்று இன்னொரு பாட்டு சொல்லும். நடக்கும், சிரிக்கும் என்று பிற்காலக் கதைகள் சேர்த்துக்கொண்டன. ஓரியைக் காரி என்ற தலைவன் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. வள்ளல் போனான், ஆட்சி மாறியது, பாவை மட்டும் நின்றது. நடக்கிற, சிரிக்கிற, மூப்பில்லாத உருவம் ஒன்றைத் தமிழ்க் கற்பனை இந்த மலையில்தான் கொண்டுவந்து வைத்தது.

அப்படி ஒரு பாவையைச் சினிமா செய்துவிட்டதாக முதல் தலைமுறை நம்பியது. நடிகன் இறந்தாலும் அவன் நடப்பான், சிரிப்பான். அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பது பிலிமைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அன்றைய பிலிம் நைட்ரேட். எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டால் உளுத்து, பிசுபிசுத்து, பொடியாகும். பொடியாகாமல் தப்பியதை, ஓடி முடிந்த படத்துக்கு இனி என்ன மதிப்பு என்று, அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்' இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுதாக மிஞ்சியது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' மட்டுமே. புனே திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டபோது, தமிழ் சினிமாவின் முதல் முப்பதாண்டுகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. ஏட்டில் எழுதிய பாவை இரண்டாயிரம் ஆண்டு நிற்கிறது. பிலிமில் எழுதிய பாவைகள் இருபது ஆண்டுகூட நிற்கவில்லை. ஏடும் செல்லரிக்கும்தான். ஆனால் ஏட்டைப் படி எடுக்க ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்தார். பிலிமுக்கு அப்படி ஒருவரும் உட்காரவில்லை. காரணம் பொருளின் பலவீனம் மட்டுமல்ல. நடிகனின் வேலையைப் படி எடுக்கத் தகுந்த அறிவாக நாம் மதிக்கவில்லை. பாட்டை மதித்தோம், இசைத்தட்டு மிஞ்சியது. வசனத்தை மதித்தோம், அச்சுப் புத்தகம் மிஞ்சியது. உடம்பு எப்படி நின்றது, நடந்தது, திரும்பியது என்பது பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டோம்.

ஆகவே சின்னப்பாவின் படங்களில் எது கிடைக்கிறதோ அதை வேறொரு கண்ணோடு பார்க்கச் சொல்வேன். கதை பழசு, ஒலி கரகரக்கும், ஒப்பனை இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டு, அவர் பாட்டின் ஓரடியை முடித்ததும் ஒரு நொடி எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். எதிரில் நிற்கும் நாயகியைப் பார்ப்பதற்கு முன்னால் கண் ஒருமுறை நேரே போய்விட்டுத் திரும்பும். அங்கே காமிராதான் இருந்தது. அவர் தேடியது தரையில் உட்கார்ந்திருக்கும் சபையை. இது சினிமாவுக்குப் பழகாத நாடக நடிகனின் குறை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பின்வந்த நடிகர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள், அல்லது ரசிகர்களை நோக்கிக் கும்பிடும் வேறொரு நேர்ப்பார்வையாக மாற்றிக்கொண்டார்கள். சின்னப்பாவின் பார்வை அந்த இரண்டுமல்ல. அது கேள்வி: சரியாக வந்ததா? பாணர்கள் ஓரியைப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடியது அதுதான், பாய்ஸ் கம்பெனிப் பையன் கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டதும் அதுதான். நட்சத்திரம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அதற்குத் தேவையுமில்லை. ஆரம்பகால நடிகர்கள் எதைத் தொடங்கி வைத்தார்கள் என்று நிறைய எழுதியிருக்கிறோம். அவர்களோடு எது முடிந்தது என்று எழுதத் தொடங்கினால், நடிப்பைப் பற்றிய நம் பேச்சு கொஞ்சம் நேராகும்.